பேட்டரியில் ஒட்டியிருந்த தாள்

மாலை ஐந்து ஐம்பதுக்கு அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் என் மகன், "அஞ்சு நாப்பத்தொம்பது ஆச்சு, பாதி வழி வந்தாச்சு, இனிமே முன் சீட்டு எனக்கு" என்று அவன் அக்காவின் பின்னலைப் பிடித்து இழுத்தான். பெரம்பலூரில் மகளுக்கு மாதிரித் தேர்வு முடிந்து அரியலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழி அவள் முன்னால், பாதி வழி அவன் முன்னால் என்பது வீட்டிலேயே பேசிவைத்த ஏற்பாடு. வண்டியை நிறுத்தி இடம் மாற்றலாமா என்று கண்ணாடியில் பின்னால் வரும் லாரிகளைப் பார்த்தேன். பார்வையை இறக்கியபோது, பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்களுடையது பதினைந்து வருடப் பழைய டீசல் கார். கணவர் சென்னையில் வேலையில் இருப்பதால் அதை ஓட்டுவதும் அதற்காகப் பயப்படுவதும் நான்தான். இரண்டு மாதம் முன்பு காலையில் எழும்ப மறுத்தது. தெருமுனை மெக்கானிக் பேட்டரிதான் என்றார். புதிதாக மாற்றினேன். புதுப் பேட்டரி இருக்கும்போது விளக்கு எரிகிறது என்றால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் ஏற்றவில்லை என்று அர்த்தம். இது எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றியிருக்கிறேன்.

ஏ.சி.யை அணைத்தேன். ரேடியோவை அணைத்தேன். மகளின் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கினேன். முன்விளக்கை மட்டும் அணைக்க முடியவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் முன்னும் பின்னும் வந்தன. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு தணலாகி, கடைசியில் ரோட்டில் விழவேயில்லை. இந்தக் காலத்து டீசல் வண்டிக்கு ஓடுவதற்கும் கரண்டு வேண்டும்; எஞ்சின் இரண்டு முறை உதறியது. ஓரம் கட்டுவதற்குள் நின்றுவிட்டது. பாதி வண்டி தார் ரோட்டில் இருந்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு எங்களை உரசுவதுபோல் ஒடித்து விலகிப் போனது. வண்டி முழுக்க ஆடியது.

பிள்ளைகள் இருவரையும் இடது கதவு வழியாக இழுத்துப் பள்ளத்துக்கு அப்பால் நிறுத்தினேன். மூவருமாகத் தள்ளி வண்டியை மண்ணில் இறக்கினோம். மகன் கருவேலங்கிளைகளை ஒடித்து வந்து வண்டிக்குப் பின்னால் போட்டான்.  அது நடந்து பத்து நாள் ஆகிறது. இன்றைக்கும் ஹாரன் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று தேடுகிறேன்.

"சித்திக்கு போன் பண்ணிட்டேன்மா" என்றாள் மகள்.

"எந்தச் சித்தி?"

"உன் சித்தப்பா பொண்ணும்மா. அவங்க பையனும் நானும் ஒரே கோச்சிங்தானே. அரை மணி நேரத்துல வந்துடறேன்னாங்க. செம்ம சித்திம்மா அவங்க."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னிடமே இல்லாத எண் என் மகளிடம் இருக்கிறது. இருபது வருடம் ஆசிரியராக இருக்கும் நான் பள்ளத்தோரம் விழித்துக்கொண்டு நிற்க, என் பிள்ளை உதவிக்குக் கூப்பிட்டது அவளை. அந்த எரிச்சல் எனக்குப் பழக்கமானது. அதன் ருசிகூட நாக்கில் மாறவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு, முன்பக்கம் ஒரே நீள சீட் இருந்த கார்கள் ஞாபகம் இருக்கும். பச்சை ரெக்ஸின் போட்டு, வெயிலில் தொடையில் ஒட்டி, எழும்போது தோலோடு பிய்யும் சீட். அப்படி ஒரு பழைய டீசல் காரை என் அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக வாங்கியிருந்தார்கள். அப்பா அரியலூரில் அறிவியல் ஆசிரியர். சித்தப்பாவுக்குத் திருமானூர் தாண்டிக் கொள்ளிடக் கரையில் கரும்பும் நெல்லும், ஒரு டிராக்டரும். ஒரு வாரம் கார் எங்கள் வீட்டில், ஒரு வாரம் அவர்கள் வீட்டில். சனிக்கிழமை சாயங்காலம் கைமாறும். சித்தப்பா வாய்க்காலில் நிறுத்திக் கழுவித்தான் கொண்டுவந்து விடுவார். எங்கள் வீட்டிலிருந்து அது ஒருநாளும் கழுவப்பட்டுப் போனதில்லை. அப்போது இது எனக்கு உறைக்கவில்லை.

சித்தப்பா மகள் என்னைவிட நாலு மாதம் இளையவள். அந்த நாலு மாதத்துக்காக எனக்குக் கிடைத்ததெல்லாம், "நீ பெரியவ, விட்டுக் குடு" என்ற ஒரே வார்த்தைதான். ரிப்பனை விட்டுக் கொடுத்தேன். ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்தேன். என் அப்பாவே அவளைப் பார்த்தால் தூக்கிப் பானட்டின் மேல் உட்கார வைப்பார். என்னை அப்படித் தூக்கியதாக நினைவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைத் தின்றது வேறு. அந்தக் காலத்து டீசல் வண்டியைச் சாவி போட்டவுடன் எழுப்ப முடியாது. முதலில் பாதி திருப்பி, உள்ளே ஹீட்டர் சூடேறக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்குச் சித்தப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம். அதை முழுசாகச் சொல்லி ஆமென் என்றதும் சாவியை மீதித் திருப்பு திருப்பலாம். கோயில் பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த கார் என்பதால் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. அவர்கள் வாரத்தில் அந்த மந்திரம் சொல்லும் உரிமை அவளுக்கு. எங்கள் வாரத்தில் எனக்கு.

அவள் ஒருமுறை சொல்வாள். கார் கிளம்பிவிடும். நான் சொல்வேன், அப்பா திருப்புவார், உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

"மறுபடி சொல்லு. பராக்குப் பாக்காம சொல்லு" என்பார் அப்பா.

இரண்டு சொல்வேன். மூன்று சொல்வேன். கண்ணை இறுக்கி மூடிச் சொல்வேன். டக். பிறகு எதிர்வீட்டு வாத்தியார், பால்காரர், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் சேர்ந்து தள்ளுவார்கள். "ஏன் பாப்பா, ஒன் மந்திரம் பலிக்கலியா?" என்று பால்காரர் தினமும் கேட்பார்.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். இரண்டு பேரும் அந்த வருடம்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போகிறோம். சித்தப்பா ஊர்க் கோயிலில் சனிக்கிழமைகளில் அதற்குத் தயார்படுத்தும் ஞானோபதேச வகுப்பு. எனக்கு வேறு விளக்கமே தோன்றவில்லை. மாதா அவள் சொல்வதைக் கேட்கிறாள், நான் சொல்வதைக் கேட்பதில்லை. அவள் நல்லவள், என்னிடம் ஏதோ பாவம் இருக்கிறது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய பாவம் என்னவாக இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் அகப்படாததால் இன்னும் வெறுத்தேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் எளிது. எங்கள் வாரத்தில் அப்பா பள்ளிக்கூடம்வரை சின்னச் சின்னத் தூரம் ஓட்டுவார், சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்கு விளக்குப் போட்டுக்கொண்டு போவார். சார்ஜ் சரியாக ஏறாத வண்டியில் பேட்டரி இறங்காமல் என்ன செய்யும்? சித்தப்பா பகலில் தஞ்சாவூர் வரை நீளமாக ஓட்டுவார். வீட்டில் கொள்ளிடக் கரையின் சரிவில் நிறுத்தியிருப்பார். ஆமென் என்றதும் பிரேக்கை விட்டால் வண்டி தானே உருண்டு, கியரில் விழுந்து கிளம்பிவிடும். நான் பார்த்ததெல்லாம் அவள் ஆமென் சொன்னதும் கார் நகர்ந்ததும்தான். இன்னொன்றும் உண்டு. ஹீட்டரும் பேட்டரியில்தான் எரிகிறது. நான் கூடுதலாகச் சொன்ன ஒவ்வொரு செபமும் பேட்டரியை இன்னும் கொஞ்சம் காலி செய்தது.

பாஸ்கா என்று நாங்கள் சொல்லும் ஈஸ்டர் முடிந்ததும், எங்கள் வாரத்தில், அப்பா புதுப் பேட்டரி வாங்கிப் போட்டார். மேலே மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கதிர் விரிந்த சூரியன், பளபளவென்று. சனிக்கிழமை கார் அவர்கள் வீட்டுக்குப் போய்விடும் என்பதை நினைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பானட் திறந்திருந்த நேரத்தில், நகத்தால் ஓரம் நெம்பி, கிழியாமல் அந்தத் தாளை உரித்தேன். சோற்றுப் பருக்கை வைத்து என் ஞானோபதேச நோட்டில் ஒட்டிக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பில் அவளுக்குக் காட்டினேன்.

"எங்க புது பேட்டரியோடது. எங்க வாரத்துல வாங்குனது."

"அய், நல்லாருக்கே. தொட்டுப் பாக்கட்டா?"

"பாக்கலாம். தொடக் கூடாது."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

அடுத்த வாரம் கார் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை காலை மறுபடி டக். தெருவே தள்ளிக் கிளப்பிய பிறகு, அப்பா எஞ்சினை அணைக்காமல் பானட்டைத் திறந்தார். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது.

"இங்க வாங்க. ஒரு சோதனை காட்டறேன். டைனமோ கெட்டுருக்கா, பேட்டரி கெட்டுருக்கான்னு இப்பத் தெரிஞ்சிரும்."

ஆல்டர்னேட்டரை அவர் கடைசிவரை டைனமோ என்றுதான் சொன்னார். துணியைச் சுற்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் கம்பியைக் கழற்றினார். சின்னதாக ஒரு பொறி. எஞ்சின் எப்போதும்போல் ஓடியது.

"பாத்தியா? பேட்டரி இல்லாமலே ஓடுது. அப்பக் கரண்டு எங்கேர்ந்து வருது? டைனமோவுலேர்ந்து. டைனமோ நல்லாருக்கு."

"அப்பக் கோளாறு எதுல?" என்றாள் அம்மா.

"பேட்டரியில."

"புது பேட்டரியிலயா? மாத்தி ரெண்டு வாரம் ஆவல." அம்மா குனிந்து பார்த்தாள். கரும்புக் காட்டுப் புழுதி அப்பி அது கறுப்பாக, பழசாக இருந்தது. "இது நம்ம வாங்குனதா? மேல மஞ்சளா சூரியன் படம் ஒட்டியிருந்துச்சே, எங்க?"

அப்பா துணியால் மேலே துடைத்துப் பார்த்தார்; தாள் இல்லை.

"ஒங்க தம்பி டிராக்டரத் தொறந்து பாருங்க. அங்க சூரியன் உதிச்சிருக்கும்."

நான் அப்பாவின் முழங்கைப் பக்கம் நின்றிருந்தேன். நோட்டு உள்ளே அலமாரியில், பத்தடி தூரத்தில் இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். திறக்கப் போகவில்லை. அம்மா அடுத்துச் சொன்னது காதில் விழுந்துவிட்டது. "இனிமே அந்தக் காரு அங்க போவக் கூடாது." அப்படியானால் கார் எங்களுக்கு மட்டும். முன் சீட் எனக்கு மட்டும்.

சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பா கரைமேல் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"டிராக்டர் பானட்டத் தொற" என்றார் அப்பா.

"எதுக்குண்ணே?"

"தொறயேன். பேட்டரியப் பாக்கணும்."

சித்தப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. "என்னைத் திருடன்ங்கிறியாண்ணே?"

"ஒண்ணும் இல்லன்னா தொறக்க வேண்டியதுதான?"

"தொறக்க மாட்டேன்."

அவர் திறந்திருந்தால் முடிந்திருக்கும். அவர் திறக்க மறுத்ததையே அப்பா சாட்சியாக எடுத்துக்கொண்டார். சித்தப்பா இடுப்பிலிருந்து தன்னிடமிருந்த சாவியை எடுத்துக் காரின் பானட்மேல் வைத்தார். "நீயே வச்சுக்க. எனக்குக் காரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவையோ சித்தப்பாவையோ அல்ல, என்னை. இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள். வீடு வரும்வரை முன் சீட்டில் நான் தனியாக உட்கார்ந்து வந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த வழி முழுக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி. திருமானூருக்கு முன்னால் விளக்கு மங்கி அணைந்தது. என்னவென்று பார்க்க இறங்கிய அப்பா, பழக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டார். மறுபடி அது கிளம்பவில்லை. தள்ள ஆள் இல்லை. அம்மா தள்ளினாள், நானும் தள்ளினேன். கடைசியில் ஒரு பால் வண்டியில் ஏறிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாப் பிள்ளைகளும் நன்மை வாங்கி முடித்திருந்தார்கள். கவுனின் அடியில் கறுப்பு கிரீஸுடன் கோயிலின் நடுவே தனியாக நடந்தேன். அவள் முதல் வரிசையில், சுருக்கம்கூட இல்லாத வெள்ளையில் உட்கார்ந்திருந்தாள். டிராக்டரில், சித்தப்பா குடை பிடிக்க வந்தாளாம். ஊரே கரையில் நின்று பார்த்ததாம். சாமியார் என் நாக்கில் அப்பத்தை வைத்தபோது நான் அந்தக் குடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்ததும், யாரும் கேட்காமலே சித்தப்பா டிராக்டரில் கயிறு கட்டிக் காரைத் திருமானூர் பட்டறைக்கு இழுத்துப் போனார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மெக்கானிக் ஆல்டர்னேட்டரைக் கழற்றி உள்ளேயிருந்து இரண்டு சின்னக் கரித்துண்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன.

"கார்பன் போச்சு சார். ரொம்ப நாளா விட்டு விட்டுத்தான் சார்ஜ் ஆயிருக்கும். பேட்டரி மேல தப்பில்ல."

"நான் கம்பியக் கழட்டிப் பாத்தேனே. வண்டி ஓடுச்சே" என்றார் அப்பா.

மெக்கானிக் சிரித்துவிட்டார். "டீசல் வண்டி சார் இது. கெளம்புற வரைக்கும்தான் இதுக்குக் கரண்டு. அப்பறம் நீங்க பேட்டரியவே தூக்கிட்டுப் போனாலும் ஓடும். அந்தச் சோதனையெல்லாம் பெட்ரோல் வண்டிக்கு. கழட்டுனதுல உள்ள மிச்சம் இருந்ததும் எரிஞ்சு போயிருக்கு பாருங்க."

அறிவியல் வாத்தியார் முகத்தை நான் அன்றைக்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. சித்தப்பா சிரிக்கவில்லை. டிராக்டரின்மேல் கை வைத்துக் காத்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்லுக்காக. அது இப்போதுதான் புரிகிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அதெல்லாம் சரி. அந்தத் தாளு எங்க போச்சு?"

சித்தப்பா டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தோற்றுப்போன மனிதர் பிடித்துக்கொள்ள மிச்சம் இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். அதைக் கொடுத்தவள் நான்.

மழைக்கு முன் காரை விற்றார்கள். நான் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து, தஞ்சாவூர் போகும்போது கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாக விட்டேன். அண்ணனும் தம்பியும் அதன் பிறகு கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொண்டார்கள், பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் முன்பு அப்பா போனபோது, சித்தப்பா கல்லறைத் தோட்ட வாசலிலேயே நின்றிருந்து, எல்லோரும் போட்ட பிறகு வந்து ஒரு பிடி மண் போட்டார்.

ஏழு மணிக்கு முன்னால் ஒரு கார் வந்து எங்கள் கிளைகளுக்குப் பின்னால் நின்றது. ஓட்டி வந்தது அவள். வெளிச்சம் பளிச்சென்று இருந்த புது வண்டி. அதையும் பார்த்தேன், அந்த நேரத்திலும். முன் சீட்டிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு சித்தப்பா இறங்கினார்.

"புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவலியேக்கா?" என்றாள் அவள். என் மகள் ஓடிப்போய் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சித்தப்பா பானட்டைத் திறக்கச் சொல்லி டார்ச்சை அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பேட்டரி புதுசுதான். தாளு இருக்கு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பேட்டரியைப் பார்த்தால் முதலில் அதைத் தேடுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

என் வாயிலிருந்து தானாக வந்தது. "சித்தப்பா, அந்தத் தாள நான்தான் உரிச்சேன். நோட்டுல ஒட்டி வச்சிருந்தேன்."

டார்ச் வெளிச்சம் பேட்டரியிலேயே நின்றது.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் அவள், கேபிளைப் பிரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல். "அக்கா எனக்குக் காட்டுனா. தொடக் கூடாதுன்னா. எனக்கில்லாத காரு யாருக்கும் இல்லாமப் போவட்டும்னு நானும் சொல்லல."

ஒரு லாரி போனது. இன்னொன்று போனது. சித்தப்பா டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"அண்ணன் இருக்கறப்பச் சொல்லியிருந்தா," என்றார், "நாங்க ரெண்டு பேரும் சேந்து நின்னு ஒங்க ரெண்டு பேரையும் வெளுத்திருப்போம்."